ஃபிளாட்டுக்குள்ளயே பாட்டு ரெக்கார்ட் பண்றது எப்படி: ரூம், மைக், தூரம், எல்லாம் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

நான் இருக்கிறது மலேசியாவுல, கேஎல்னு சொல்ற கோலாலம்பூர் செந்தூல்ல, பதினோராவது மாடி ஃபிளாட்டு. பின்னாடி ரூம் பத்தடிக்குப் பத்தடி, தரை முழுக்க டைல்ஸ், ஒரே ஒரு ஜன்னல், கீழ கார் பார்க்கு. இதுலதான் இத்தனை வருஷமா ரெக்கார்ட் பண்றேன். 2020 மார்ச் 18ல கொரோனாவுக்காக எம்சிஓன்னு நடமாட்டக் கட்டுப்பாடு போட்டு கோயில் எல்லாம் மூடினப்ப, வெள்ளிக்கிழமை தவறாம தேவாரம் பாடுற எங்க அத்தை வீட்லயே உக்காந்து ரொம்ப சோர்ந்து போயிட்டாங்க, சரி அவங்க பாடுறத ஒழுங்கா பிடிச்சு சொந்தக்காரங்களுக்கு அனுப்பலாம்னு ஆரம்பிச்சதுதான். இப்ப மிருதங்கம் கத்துக்கிற பிள்ளைங்க, உறுமி மேளம் பசங்க, கல்யாணத்துக்குப் பாடுறவங்கன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து போறாங்க.

வர்ற எல்லாரும் முதல்ல கேக்கிறது "அண்ணே என்ன மைக் வாங்கலாம்?" அதுக்கு நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி "ரூம் எப்படி இருக்கு, பாடுறவங்க மைக்ல இருந்து எவ்ளோ தூரத்துல நிக்கப்போறாங்க"ன்னு கேப்பேன். நம்ம ஊர் வீட்டுக்கு இதுதான் வரிசை, முதல்ல ரூம், அப்புறம் தூரம், மூணாவதாதான் மைக்கு. நான் தலைகீழா போய் காசை விட்டவன். சேத்து வச்ச காசுல நல்ல கண்டென்சர் மைக் ஒண்ணு வாங்கி வந்து அத்தையப் பாட வச்சா, கேக்கிறப்ப குளியலறைக்குள்ள நின்னு பாடுற மாதிரியே இருந்துச்சு. மைக்கு மேல குத்தமே இல்ல, அந்த ரூம் எப்படியோ அதை அப்படியே பிடிச்சுக் குடுத்துருச்சு.

முதல் வேலை: ரூமை அடக்குறது

ரூம் நடுவுல நின்னு பலமா ஒரு தடவை கை தட்டுங்க. தட்டுன சத்தத்துக்குப் பின்னாடி "ட்ரிங்ங்"னு கம்பி அதிர்ற மாதிரி ஒண்ணு கேட்டா, எதிரெதிர் சுவத்துல சத்தம் பந்து மாதிரி போயிட்டு வருதுன்னு அர்த்தம். டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவரு, தாழ்ந்த சீலிங் உள்ள நம்ம ஃபிளாட்டுல இது இல்லாத ரூமே கிடையாது.

நிறைய பேர் செய்ற தப்பு இங்கதான் ஆரம்பிக்குது. மைக்குக்குப் பின்னாடி ஃபோம் ஒட்டுவாங்க. ஆனா வீட்டு ரெக்கார்டிங்குக்கு வாங்குற மைக்கு பெரும்பாலும் கார்டியாய்ட் வகை, அதாவது முன்னாடி வர்ற சத்தத்தை நல்லா எடுக்கும், பின்னாடி வர்றத ரொம்பக் கம்மியா எடுக்கும். அப்ப மைக்கோட முகம் எதைப் பாத்துட்டு இருக்கு? பாடுறவங்களையும், பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற சுவத்தையும். அந்த சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தம் நேரா மைக் வாயில விழுது. அதனால மெத்தையோ கம்பளியோ எது இருந்தாலும் முதல்ல பாடுறவங்க முதுகுக்குப் பின்னாடி வைங்க, ரெண்டாவது ரெண்டு பக்கவாட்டுல, மிச்சம் இருந்தாதான் மைக்குக்குப் பின்னாடி. இந்த ஒரு மாத்தம் பண்ணுறதுக்கு ஒரு வெள்ளி செலவில்ல, நான் பண்ணதுலயே பெரிய வித்தியாசம் இதுலதான் வந்துச்சு.

எங்க வீட்ல ஒரு குவீன் சைஸ் மெத்தைய நிமித்தி சுவத்துல சாச்சு வச்சிருப்போம், தரையில தடியான கம்பளம். புடவை நெறைய தொங்குற அலமாரி இருந்தா கதவைத் தொறந்து விட்டு அதுக்கு முதுகு காட்டி நின்னு பாடினாலும் நல்லா வேலை செய்யும். ஒரு இஞ்சு ஃபோம் மட்டும் ரூம் முழுக்க ஒட்டிட்டா மேல் சத்தத்தை மட்டும் தின்னுட்டு அடிக்குரல்ல வர்ற "ம்ம்ம்" அப்படியே நிக்கும், கேக்க வாயில துணி கட்டிப் பாடின மாதிரி மங்கலாயிரும். காசு இருந்தா 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு) பலகை நாலு அஞ்சு வாங்கி மரச் சட்டம் அடிச்சு துணி சுத்துங்க, துணி ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுல மீட்டர் கணக்குல கிடைக்கும், வாங்குறப்ப துணிய வாயில வச்சு ஊதிப் பாருங்க, மூச்சு அந்தப் பக்கம் போனா சரியான துணி. பலகைய சுவத்தோட ஒட்டி அடிக்காம அஞ்சு பத்து சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துனா இன்னும் கொஞ்சம் கீழ் சத்தம் வரைக்கும் பிடிக்கும். ராக்வூலை வெட்டுறப்ப கையுறை, முகக்கவசம் கண்டிப்பா போடுங்க, தூசி தோல்ல அரிக்கும், நுரையீரலுக்கும் நல்லதில்ல.

நிக்கிற இடமும் முக்கியம். பத்தடி ரூம்னா சுமார் 3 மீட்டர், அந்த அளவுக்கு 57 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு கீழ் சத்தம் ரூமுக்குள்ள சிக்கி நிக்கும், அதோட மடங்குகளும் அப்படித்தான். ஆம்பளக் குரலுக்கும் மிருதங்கத்து தொப்பிக்கும் (கனமான சத்தம் வர்ற பக்கம்) இது நல்லாத் தெரியும். சரியா நடுவுலயும் நிக்காதீங்க, மூலையிலயும் நிக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பாடிக்கிட்டே நகர்ந்து பாருங்க, ஒரு இடத்துல குரல் தெளிவா வரும், அங்க தரையில டேப் ஒட்டி வச்சிருங்க.

வெளிச்சத்தம் பத்தி ஒண்ணு. ஃபேன், ஏர்கான், ஐஸ்பெட்டி மூணும் நிக்கணும். நான் அரை மணி நேரம் முன்னாடியே ஏர்கான் போட்டு ரூமைக் குளுமை பண்ணிட்டு, ரெக்கார்ட் அமுக்குறப்ப நிறுத்திருவேன், இருபது நிமிஷம் தாங்கும். ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர்ல மத்தியானத்துக்கு மேல இடியோட மழை வரும், அந்த மாசத்துல காலையிலயே வேலைய முடிச்சிருங்க, இடி ஆரம்பிச்சுட்டா பிளக்கையும் கழட்டிருங்க. தொழுகை அழைப்பு நேரம், பக்கத்துக் கோயில் பூஜை நேரம் ரெண்டையும் பாத்து இடையில வேலை வச்சுக்குங்க.

மைக்கு எது எடுக்கிறது

ரெண்டு வகைதான் நமக்கு வேணும், டைனமிக்கும் கண்டென்சரும். டைனமிக்ல ஒரு சின்ன கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவுல ஆடும், அதுக்கு வெளியில இருந்து கரண்ட் வேணாம், அடி தாங்கும், ஈரம் தாங்கும். கண்டென்சர்ல மெல்லிசா ஒரு தகடு, அது பின்னாடி இன்னொரு தகடு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மாறுறதுதான் சத்தமா மாறுது, அதுக்கு மைக் ஒயர் வழியாவே போற 48 வோல்ட் கரண்ட், ஃபேண்டம் பவர்னு பேரு, வேணும், மூச்சு விடுறது வரைக்கும் நுணுக்கமா எடுக்கும்.

"டைனமிக் ரூம் சத்தத்தை எடுக்காது"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாள் நம்பினேன். உண்மை என்னன்னா, டைனமிக்ல நாம வாய ஒட்டி வச்சுப் பாடுறோம், கண்டென்சர்ல ஒரு முழம் தள்ளி நிக்கிறோம், வித்தியாசம் முக்கால்வாசி அந்த தூரத்துல இருந்துதான் வருது. ரெண்டையும் ஒரே தூரத்துல வச்சா எக்கோ கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும். தூரத்தைப் பாதியாக்கினா நேர் குரல் 6 டெசிபல் கூடும், ரூம் எக்கோ அப்படியே இருக்கும்.

அப்ப என் தீர்ப்பு இதுதான். ரூமை ஒண்ணுமே செய்ய முடியாது, வாடகை ரூம், கூட நாலு பேர் இருக்காங்கன்னா டைனமிக் எடுங்க. ஷூர் எஸ்எம்58 1966ல வந்தது, எஸ்எம்57 அதுக்கு முந்தின வருஷம் 1965, இன்னும் ரெண்டும் கடையில இருக்கு, 58 குரலுக்கு, 57 வாத்தியத்துக்குன்னு வச்சுக்குங்க. எஸ்எம்7பி எல்லாரும் வீடியோவுல வச்சிருக்காங்கன்னு வாங்காதீங்க, நல்ல மைக்குதான், ஆனா அதுல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப சின்னது, கிட்டத்தட்ட 60 டெசிபல் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குறது, கேக்கும், சின்ன இன்டர்ஃபேஸ்ல (மைக்கைக் கம்ப்யூட்டரோட சேக்குற பெட்டி) முழுசா திருகினா "ஸ்ஸ்ஸ்"னு இரைச்சலும் கூடவே வரும்.

ரூமுக்கு மெத்தை கம்பளி போட்டாச்சுன்னா பெரிய டயாஃப்ரம் (சத்தம் பட்டு அதிர்ற தகடு) கண்டென்சர் எடுக்கலாம். ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 தொடங்கறதுக்குப் போதும். ரோட் என்டி1 மாதிரி மைக்குல மைக்கோட சொந்த இரைச்சல் 5 டெசிபலுக்கும் கீழ, ஏடி2020ல 20. வீணை, ரொம்ப மெதுவா பாடுற குரல் இதுக்கெல்லாம் அது உதவும், ஆனா கீழ மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கிற ஃபிளாட்டுல அந்த வித்தியாசம் வெளிச்சத்தத்துல மூழ்கிப் போயிரும், அதுக்காகக் கூடக் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலை அடைக்கிறத பாருங்க.

யூஎஸ்பி மைக் தனியா ஒருத்தர் பாடுறதுக்குப் பரவாயில்ல. நாளைக்கு மிருதங்கத்துக்கு ரெண்டாவது மைக் வேணும்னா மாட்டிக்குவீங்க. ரெண்டு மைக் செருகுற ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி இன்டர்ஃபேஸ் ஒண்ணு, மூணு முள் எக்ஸ்எல்ஆர் ஒயர்ல மாட்டுற சாதாரண மைக் ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ரொம்ப காலத்துக்கு ஓடும்.

எஸ்எம்58க்கு போலி நிறைய இருக்கு. எனக்குத் தெரிஞ்ச பையன் ஆன்லைன்ல பாதி விலைக்குன்னு வாங்கினான், பெட்டி கையேடு எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு, பாடினா மூக்கை அடைச்ச மாதிரி வந்துச்சு, திருப்பித் தரவும் ஆள் இல்ல. அந்தப் பையனுக்கு அது ரெண்டு மாச சேமிப்பு. கம்பெனி அங்கீகாரம் உள்ள கடையில ரசீதோட வாங்குங்க.

ஈரம், இதை யாரும் சொல்றதில்ல

வெளிநாட்டு வீடியோவுல இதைப் பத்திப் பேச மாட்டாங்க, நமக்கு இதுதான் பெரிய எதிரி. கேஎல்ல காத்து ஈரம் 80 சதவீதத்தைச் சுத்தியே இருக்கும். என் முதல் கண்டென்சரை மழை மாசத்துல ஸ்டாண்டுலயே விட்டுட்டேன், மூணு வாரம் கழிச்சு போட்டா "பட்... பட்பட்"னு பொரி பொரியிற மாதிரி சத்தம். தகடுகளுக்கு நடுவுல ஈரம் சேந்து கரண்ட் கசியுறதுதான் அது. காய வச்சப்புறம் நின்னுச்சு, ஆனா அன்னைக்கு அத்தை ரெண்டு மணி நேரம் பாடினது முழுக்க வீணாப்போச்சு.

அதுக்கப்புறம் வேலை முடிஞ்ச உடனே மைக் டப்பாவுக்குள்ள போயிரும். கேமரா வச்சிருக்கிறவங்க வாங்குற டிரை கேபினெட் இருந்தா 45 சதவீதத்துல வைங்க, இல்லாட்டி ரப்பர் வளையம் உள்ள காத்துப் புகாத சாப்பாட்டு டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒண்ணு, அவ்ளோதான். ஜெல் நிறம் மாறினா காய வச்சுத் திரும்பப் போடுங்க. ஏர்கான் ரூம்ல குளுந்து போன மைக்கை வெளிய ஹாலுக்குத் தூக்கிட்டு வந்த உடனே போடாதீங்க, கண்ணாடி மேல பூக்குற மாதிரி உள்ள தண்ணி பூக்கும், அரை மணி நேரம் பைக்குள்ளயே இருக்கட்டும்.

செருகி, அளவு வைக்கிறது

சாஃப்ட்வேர் எதுன்னு ரொம்ப யோசிக்க வேணாம். மேக் இருந்தா காராஜ்பேண்ட் சும்மாவே இருக்கு, விண்டோஸ்னா ரீப்பர் 60 நாள் முழுசா போட்டுப் பாக்கலாம். ரெக்கார்ட் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்னு வச்சிருங்க. 24 பிட்ல கீழ நிறைய இடம் இருக்கு, அதனால சத்தமா எடுக்கணும்னு அவசரமே கிடையாது.

கெயின் வைக்கிறப்ப "ஹலோ ஹலோ செக்"னு பேச வச்சு வைக்காதீங்க. பாட்டுல எந்த இடம் மேல் ஸ்தாயிக்குப் போகுதோ அந்த வரிய முழு மூச்சோட பாடச் சொல்லுங்க, அப்ப சத்த அளவு காட்டுற மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்துல நிக்கிற மாதிரி வைங்க. மேடையில ஏறிப் பழகினவங்க செக்குல ஒரு சத்தம், நெஜத்துல ஒரு சத்தம் பாடுவாங்க, இடம் விட்டு வைக்கிறது நல்லது. சிவப்புல தொட்டா அந்த டேக், அதாவது அந்தத் தடவை எடுத்தது, போச்சு, எந்த சாஃப்ட்வேரும் முழுசா மீட்டுத் தராது.

ஹெட்ஃபோன்ல குரல் தாமதமா வந்தா பாடுறவங்களுக்குத் தாளமே தப்பும். சாஃப்ட்வேர்ல பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேத்து எடுக்கிற சத்தத் துண்டோட அளவு, அதை 128னு வைங்க, 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 2.7 மில்லிசெகண்ட், போக வர இன்னும் கொஞ்சம் கூடும். அதுக்கும் கம்ப்யூட்டர் திணறினா இன்டர்ஃபேஸ்ல இருக்கிற டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போடுங்க, குரல் கம்ப்யூட்டருக்குள்ள போகாமலே காதுக்கு வந்துரும்.

"ம்ம்"னு ஒரு ஹம் வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, பாதி நேரம் அதுதான் காரணம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த சத்தமும் அதோட மடங்கும்தான் உள்ள வருது. பேட்டரியில ஓட்டுங்க. மூணு கால் பிளக்ல எர்த்தைக் கழட்டினா ஹம் போகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உயிருக்கே ஆபத்து.

குரல்

பாடுறவங்க வாயில இருந்து மைக்கு 15, 20 சென்டிமீட்டர், நடுவுல பாப் ஃபில்டர், வாய்க் காத்தைத் தடுக்கிற வலைத் திரை. மைக்கை மூக்கு உயரத்துல வச்சு லேசா கீழ சாய்ங்க, இல்லாட்டி ஒரு பக்கமா கொஞ்சம் திருப்புங்க, அப்ப "ப"வுக்கும் "பொ"வுக்கும் வர்ற காத்து மைக்கைத் தாண்டிப் போயிரும். கிட்ட போகப் போக அடிக்குரல் பெருக்கும், சன்னக் குரலுக்கு அது அழகு, ஏற்கனவே கனமான குரலுக்கு சோறு குழைஞ்ச மாதிரி ஆயிரும்.

எங்க அத்தைக்கு இதுதான் பெரிய சிக்கல். முப்பது வருஷமா கோயில் மைக்கை கையில பிடிச்சு உதட்டுல ஒட்டிப் பாடினவங்க. ஸ்டாண்டு முன்னாடி நிக்க வச்சா கை ரெண்டும் எங்க வைக்கிறதுன்னே தெரியல, தலை தானா மைக்கைத் தேடிப் போகுது, ஒரு வரி கிட்ட, ஒரு வரி தூர. "என்னப்பா, கையில ஒண்ணும் இல்லாம பாட்டே வரமாட்டேங்குது"ன்னாங்க. நான் பழைய டைனமிக் மைக் ஒண்ணை ஒயர் மாட்டாம எடுத்து "அத்தே, இதைப் பிடிச்சுக்குங்க, இதுலயே பாடுங்க"ன்னு குடுத்தேன். அதை கோயில்ல பிடிக்கிற மாதிரியே பிடிச்சு, ஆனா கொஞ்சம் கீழ, நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டாங்க, தோள் இறங்குச்சு, கண்ணை மூடினாங்க, தலை அசையாம நின்னுச்சு. நெஜ மைக் அதுக்கு மேல ஒரு சாண் தள்ளி. அன்னைக்கு எடுத்த முதல் டேக்கே கடைசி டேக். மேடைப் பாடகர் யார் வந்தாலும் இப்ப இதைத்தான் செய்றேன்.

சுருதி பத்தி மறக்காதீங்க. தம்புரா சத்தம் ஹெட்ஃபோன்ல மட்டும் போகணும், ரூம்ல ஸ்பீக்கர்ல போட்டா குரலோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிக்க முடியாது. காதை முழுசா மூடுற க்ளோஸ்டு வகை ஹெட்ஃபோன், சோனி எம்டிஆர்-7506 மாதிரி, எடுங்க. நம்ம பாடகர் முக்கால்வாசிப் பேருக்கு ரெண்டு காதையும் மூடினா சுருதி லேசா விலகும், ஒரு காதைத் தொறந்து விட்டுப் பாடுவாங்க, சரி பாடட்டும், ஆனா தொறந்த பக்கத்து சத்தத்தை சாஃப்ட்வேர்ல நிறுத்திருங்க, இல்லாட்டி அந்தப் பக்கம் ஒழுகி மைக்குல ஏறும். அத்தை அஞ்சு கட்டையில பாடுவாங்க, தம்புராவ தனி ட்ராக்ல அதே அஞ்சு கட்டைக்குப் போட்டு கடைசியில எனக்கு வேணுங்கிற அளவு சேத்துக்குவேன்.

வாத்தியம்

மிருதங்கத்துக்கு ஒரே மைக்குதான் இருக்குன்னா முன்னாடி ரெண்டு மூணு அடி தள்ளி, வலந்தலைப் பக்கம் (தொப்பிக்கு எதிர்ப் பக்கம்) கொஞ்சம் சாச்சு வைங்க. ரெண்டு இருந்தா வலந்தலைக்கு ஒண்ணு, தொப்பிக்கு ஒண்ணு, ஒரு சாண் தூரம், தோலுக்கு நேரா குத்தாம விளிம்பைப் பாத்து. இங்க ஒரு முக்கியமான சங்கதி இருக்கு. ஒரு பக்கம் அடிச்சா அந்தத் தோல் உள்ள போகுது, எதிர்ப் பக்கத் தோல் வெளிய தள்ளுது, ரெண்டு மைக்கும் எதிரெதிரா கேக்குது, ரெண்டையும் சேத்தா தொப்பியோட கும்கி, அந்த வழுக்குற அடிச்சத்தம், செத்துப் போயிரும். அப்ப ஒரு ட்ராக்ல சத்த அலையைத் தலைகீழாக்குற போலாரிட்டி பட்டனை அமுக்கிப் பாருங்க, ரெண்டையும் ஒண்ணாக் கலக்குற மோனோவுல வச்சு எந்த நிலையில சத்தம் நெறைவா வருதோ அதை வச்சுக்குங்க.

உறுமிய ராத்திரி ஃபிளாட்டுல வாசிக்க முடியாது, வாசிக்கவும் கூடாது. நாங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் குடியிருப்பு மண்டபத்தைக் கேட்டு வாங்கி எடுப்போம். ஒரு பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்க்கிறாங்க, அந்த உறுமல்தான் உயிரு, இன்னொரு பக்கம் அடி. எல்லாரும் அடிக்கிற பக்கம் மைக் வச்சுட்டு உறுமல் கேக்கலன்னு சொல்லுவாங்க. எஸ்எம்57ஐ தேய்க்கிற பக்கம் ஒரு சாண் தூரத்துல வைங்க, அடிக்கிற பக்கத்துக்கு ரெண்டாவது மைக் ரெண்டு அடி தள்ளி. குரலுக்கு 80 ஹெர்ட்ஸ்க்குக் கீழ வெட்டுற ஃபில்டரை இதுல போட்டுறாதீங்க, அடி ஒல்லியாயிரும். தம்பட்டம், பாட்டுக்காரர் எல்லாம் சேந்து எடுத்தா ஒரு மைக்குக்கும் இன்னொரு மைக்குக்கும் இருக்கிற தூரம், வாத்தியத்துக்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தை விட மூணு மடங்காவது இருக்கட்டும், இது 20 சென்டிமீட்டர்னா அது 60.

புல்லாங்குழல்ல ஊதுற வாய்க்கு நேரா வைக்காதீங்க, மேல இருந்து விரல் துளைகளைப் பாத்து ஒரு அடி. வீணைக்கு குடத்துக்கு முன்னாடி ஒரு அடி, கண்டென்சர்தான் நல்லது. நாதஸ்வரம் ரொம்ப சத்தம், அணசு, அந்த விரிஞ்ச வாய், அதுக்குள்ள மைக்கை விட்டா காது கிழியும், சத்தம் துளைகள்ல இருந்தும் வருது, அதனால ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி பெரிய இடத்துல எடுங்க.

எடுத்ததுக்கு அப்புறம்

கடைசி டேக் முடிஞ்சதும் யாரையும் அசைய விடாம அரை நிமிஷம் சும்மா ரூமை ரெக்கார்ட் பண்ணிக்குங்க, வெட்டி ஒட்டுற இடத்துல அந்த அமைதிய வச்சு மூடலாம். எந்த ட்ராக்கையும் மேல மேல எடுக்காம டேக் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வச்சு அப்புறம் நல்ல வரிகளைப் பொறுக்குங்க, ஆனா ஆலாபனைய மட்டும் துண்டு துண்டா ஒட்டாதீங்க, மூச்சு விடுற இடம் மாறி காதுக்குத் தெரிஞ்சிரும். குரலுக்கு 80 ஹெர்ட்ஸ்க்குக் கீழ வெட்டுங்க, கம்ப்ரஷர் (ஏறுற சத்தத்தை அமுக்கிச் சமமாக்குறது) ரெண்டு மூணு டெசிபல் மட்டும் இறங்குற அளவுக்குப் போதும், கமகம் வர்ற இடத்துல அதுக்கு மேல அமுக்கினா அசைவே தட்டையாயிரும். ரிவர்ப், அதாவது செயற்கையா சேக்குற எதிரொலி, எவ்ளோ பிடிக்குதோ அவ்ளோ போட்டுட்டு அதுல பாதியாக் குறைங்க.

வேற யாராவது மிக்ஸ் பண்ணப் போறாங்கன்னா எல்லா ட்ராக்கையும் பாட்டோட முதல் செகண்ட்ல இருந்தே தொடங்குற மாதிரி 24 பிட் வேவ் ஃபைலா எடுத்து, ஃபைல் பேர்ல வாத்தியம், சுருதி, தாளம் மூணையும் எழுதி அனுப்புங்க, எம்பி3 வேணாம். மூல ஃபைலை ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வைங்க, ஒண்ணு வேற வீட்ல. எங்க அத்தை பாடினதோட இன்னொரு காப்பி பட்டர்வொர்த்ல அவங்க மக வீட்ல இருக்கு.